மாறிவரும் காலநிலையும் வயல் நீரும்

கமத்தொழில் மழையை நம்பிய தொழில். எப்பொழுது உழுவது, எப்பொழுது விதைப்பது என்பவற்றை நம் முன்னோர் மழையின் வருகையைக் கொண்டே வகுத்தனர். அவ்வொழுங்கு இன்று தளர்ந்துவிட்டது. 2016ஆம் ஆண்டின் இறுதியில் பருவமழை பொய்த்தது. அதனால் 2017ஆம் ஆண்டில் இலங்கையின் நெல் விளைவு முந்திய ஆண்டைவிட மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்தது. 2018ஆம் ஆண்டு டிசெம்பரிலோ பெருமழை பெய்து, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் வயல்களை வெள்ளத்தில் ஆழ்த்திற்று. இம்மாற்றத்தின் காரணத்தை அறிந்து தொழில்முறையைத் திருத்திக்கொள்வது கமக்காரர் ஒவ்வொருவருக்கும் இன்றியமையாததாகும்.

காரணம்

நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதாலும் காடுகளை அழிப்பதாலும் காபனீரொட்சைட்டு வாயு வளியில் சேருகின்றது. இயந்திரத் தொழில்கள் பெருகுவதற்கு முன் வளியின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த இவ்வாயு இன்று 420 பங்கையும் கடந்துவிட்டது. இது பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாது போர்வைபோலத் தடுக்கின்றது. வெப்பமடைந்த வளி நிலத்து ஈரத்தை விரைவாக உறிஞ்சும். தான் தாங்கிய நீராவியைக் குறுகிய காலத்திற் பெருமழையாகச் சொரியும். ஆதலின் வரட்சியும் வெள்ளமும் ஒருங்கே கடுமையடைகின்றன.

இதில் வயலுக்கும் சிறு பங்குண்டு. இடைவிடாது நீர் தேங்கிய சேற்றில் வளி புகாமையால், அங்கு மக்கும் வைக்கோலிலிருந்து மெதேன் வாயு உண்டாகின்றது. நிறைக்கு நிறை நோக்கின், இது நூறாண்டுக் காலத்தில் காபனீரொட்சைட்டைப்போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்ட வல்லது. நெற்பயிர் பூக்கும் வேளையில் வெப்பநிலை 35 பாகை செல்சியசைத் தாண்டின், மணிகள் பல பதராகிவிடும்.

கமக்காரர் செய்யத்தக்கவை

1. முதல் மழையை வீணாக்காதீர்கள். நிலத்தை முன்னரே பண்படுத்தி வைத்துப் புழுதி விதைப்புச் செய்யின், குளத்து நீர் பிந்திய தேவைக்கு எஞ்சும். காலம் பிந்தினால் அல்லது நீர் குறைந்தால், பீ.ஜீ. 250 போன்ற குறுகிய வயதுடைய இனத்தைத் தெரிந்துகொள்க.

2. வயலில் எந்நேரமும் நீர் நிற்கவேண்டும் என்பதில்லை. ஓரடி நீளமுள்ள துளையிட்ட குழாயொன்றை வயலில் அரைவாசி புதைத்து, உள்ளிருக்கும் மண்ணை அகற்றிவிடுக. பயிர் நிலைகொண்டு களையும் அடங்கியபின், குழாயினுள் நீர்மட்டம் நிலத்திலிருந்து ஆறங்குலம் தாழ்ந்ததும் மீண்டும் இரண்டங்குலம் நீர் பாய்ச்சுக. பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை நீர் குறையவிடலாகாது. இம்முறையால் நீர் மிச்சமாகும். மெதேனும் பெரிதுங் குறையும். உவர் நிலத்தில் மட்டும் இதனைக் கைக்கொள்ளாதீர்கள். நிலம் காய்ந்தால் உப்பு மேலெழும்.

3. வைக்கோலை எரிக்காதீர்கள். பயிர் உறிஞ்சிய பொற்றாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலிலேயே உள்ளது. அதனைக் கூட்டெருவாக்கி இடுக. அன்றேல் அறுவடை முடிந்தவுடன் நிலம் காய்ந்திருக்கும்போதே உழுது புதைத்து மக்கவிடுக. பச்சை வைக்கோலை நீர் தேங்கிய சேற்றில் மிதித்தால் மெதேன் பெருகும்.

4. மிளகாய், கத்தரி முதலிய பயிர்களின் அடியை வைக்கோலாலோ சருகாலோ மூடுக. மாலையில் நீர் பாய்ச்சுக. மாரியில் மேட்டுப்பாத்தி அமைத்து வடிகாலை வெட்டிவைக்க. யாழ்ப்பாணத்திற் கிணற்று நன்னீர் சுண்ணக்கல்லினுள் உவர்நீரின்மேல் மிதந்து நிற்பதால், அளவுக்கு மிஞ்சிய இறைப்பு உவரை மேலே இழுத்துவிடும் என்பதை மறவாதீர்கள்.

5. குளத்தில் நீர் போதாதபோது பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் முடிவுக்கு அமைந்து நடவுங்கள். நீர் போதுமான அளவு நிலத்தையே அனைவரும் பங்கிட்டுச் செய்யும் பெத்ம முறை நம் நாட்டின் பழைய வழக்கம். எல்லா நிலத்தையும் விதைத்து எல்லாவற்றையும் கருகவிடுவதிலும், பாதி நிலத்தில் முழு விளைச்சல் பெறுவது மேல்.

உலகின் புகையை ஒரு கமக்காரர் தனித்து நிறுத்தமுடியாது. ஆயினும் தம் வாய்க்காலின் நீரும் தம் வயலின் வைக்கோலும் அவர் கையிலேயே உள்ளன. இவற்றைப் பேணினால் விளைவும் காக்கப்படும், காலநிலைக்கும் நன்மையுண்டாகும். மேலும் விபரங்களுக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுங்கள்.