மலையேறிப் போன செல்போன்

பள்ளத்தாக்கில் படிப்பு – 9

போன வாரம் போடி ஏலக்காய் ஏலத்தோடு நிறுத்தியிருந்தோம். அந்த ஏலக்காயைப் பறிக்கப் போகிறவர்களின் பிள்ளைகள் ஆன்லைனில் படித்த கதை இந்த வாரம்.

தேனி மாவட்டத்தில் கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி என்று எந்த ஊரிலும் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் நிரம்பிவிடும். கையில் தூக்குச்சட்டி, தலைக்குக் கட்ட ஒரு துண்டு, மழைக்குப் போர்த்திக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தாள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏறினால் கேரளாவின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். காலையில் ஏறி, சாயங்காலம் இறங்குகிற வேலை. வீட்டிலிருக்கும் ஒரே டச் போனும் அம்மாவோடோ அப்பாவோடோ மலையேறிவிடும். நாளைக்கு வண்டி எத்தனை மணிக்கு, எந்தத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்ற சேதியெல்லாம் அதில்தான் வரும். அதை வீட்டில் வைத்துவிட்டுப் போ என்று யாரும் சொல்லிவிட முடியாது.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. அந்த ஜூலையில் மத்திய அரசு 'பிரக்யதா' என்ற பெயரில் ஆன்லைன் வகுப்புக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. எட்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு அதிகபட்சம் இரண்டு வகுப்பு, ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை நான்கு. ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம். குழந்தையின் கண் கெடக்கூடாது என்ற அக்கறை அதில் இருந்தது, நல்லதுதான். ஆனால் பகலில் போன் யார் கையில் இருக்கும் என்ற கேள்வி அந்தக் கணக்குக்குள் வரவில்லை. கேரள எல்லை அடைபட்டிருந்த மாதங்களில் போனும் வீட்டில் இருந்தது, போனுக்குச் சொந்தக்காரரும் வீட்டில் இருந்தார். ரீசார்ஜ் செய்யக் கூலிதான் இல்லை. பிறகு எல்லை தாண்டப் பாஸ் கிடைத்து வேலைக்குப் போனார்கள். கூலி வந்தது, போன் போய்விட்டது.

உத்தமபாளையம் பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் அந்த நாட்களைப் பற்றிச் சொன்னார்: "காலைல ஒம்பது மணிக்கு வாட்ஸ்அப்ல கணக்கு அனுப்புவேன் சார். ராத்திரி எட்டு மணிக்கு மேலதேன் ப்ளூ டிக் விழும். ஏன்டா இவ்வளவு நேரம்னா, 'அம்மா இப்பத்தேன் வந்தாக டீச்சர்'ம்பான்." வந்து சேரும் வீட்டுப்பாடம் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படமாக இருக்கும். நோட்டின் மேல் போனின் நிழல் விழுந்திருக்கும். பையன் எழுதியது ஒன்றா ஏழா என்று பெரிதாக்கிப் பார்த்துத்தான் திருத்துவாராம். கடைசி நோட்டைத் திருத்தி முடிக்கப் பதினோரு மணியாகும். ஆன்லைன் வகுப்பால் ஆசிரியருக்கு வேலை குறைந்தது என்று அப்போது பேசியவர்கள் இந்த நேரத்தில் தூங்கியிருப்பார்கள்.

இது ஏதோ ஒரு பள்ளத்தாக்கின் குறை அல்ல. 2017–18-ல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், நாட்டின் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தது 4.4 சதவீதத்தில், இணைய வசதி இருந்தது 14.9 சதவீதத்தில். பெருந்தொற்று வந்தபோது அதன்மேல்தான் வகுப்பறையைத் தூக்கி வைத்தோம். மேகமலை, அகமலை மாதிரியான மலையூர்களில் சிக்னலுக்காகச் சாலை வளைவைத் தேடிப்போன கதை எல்லோருக்கும் தெரிந்ததே; அதை விட்டுவிடலாம்.

அரசிடம் வேறு வழிகளும் இருந்தன, அவற்றை நாம் போதுமான அளவு பேசவில்லை. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியில் 2020 ஜூலை முதல் வகுப்புவாரியாகப் பாடம் ஓடியது. டி.வி. மலையேறாது. பிளஸ் டூ பிள்ளைகள் அரசு லேப்டாப்பைப் பள்ளிக்கு எடுத்துவந்து, ஹைடெக் லேபில் பாட வீடியோக்களை ஏற்றிக்கொண்டு போகவும் ஏற்பாடு இருந்தது. இணையமே வேண்டாம், எந்த நேரத்திலும் போட்டுப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் அந்தக் காலத்தின் உருப்படியான யோசனை அதுதான். ஆனால் நேரலையில் முகம் காட்டுவதைத்தான் 'வகுப்பு' என்று ஊர் நம்பியது.

தூரத்திலிருந்து படிப்பது இந்தப் பகுதிக்குப் புதிதும் இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1971-ல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிய பிறகு, 'கரஸ்'ஸில் பட்டம் வாங்கிய குமாஸ்தாவும் வாத்தியாரும் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. ரயில் நின்ற பிறகு தொடர்பு வகுப்புக்குப் போக பஸ்தான். மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயில் 2010 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நின்றது. அகலப்பாதையில் தேனிக்கு ரயில் வர 2022 மே, போடிக்கு வர 2023 ஜூன் ஆகிவிட்டது. அரசுத் தேர்வுக்காக மதுரைக்குக் கோச்சிங் போவது பயணச் செலவு, விடுதிச் செலவு, 'பொம்பளப் பிள்ளைய அங்க எப்படி விட' என்ற பேச்சு, எல்லாம் சேர்ந்தது. ஆன்லைன் கல்வியின் நிஜமான லாபம் இங்கேதான். சின்னமனூரில் வாழைக்காய் மண்டியில் கணக்கெழுதும் ஒரு பெண், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு குரூப் 4 பாடத்தை யூடியூபில் போட்டு, புரியாத இடத்தில் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி கேட்கிறார். எந்தக் கோச்சிங் சென்டர் வாத்தியாரை அப்படி நிறுத்த முடியும்? ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். 2020-ல் சென்னை ஐ.ஐ.டி. தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை, பாடம் வீட்டில், தேர்வு மட்டும் மையத்துக்குப் போய். வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. பாடம் ஆங்கிலத்தில் என்பதுதான் தமிழ்வழியில் படித்துவருகிற பிள்ளைக்கு முதல் மேடு.

இந்த லாபமெல்லாம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு, தன் நேரம் தன் கையில் உள்ளவர்களுக்கு. படிக்கவே இனிமேல்தான் கற்க வேண்டிய பிள்ளைக்கு நடந்தது வேறு. 2020-ல் ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்த்த குழந்தைக்கு வகுப்பறை திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அப்போது அது இரண்டாம் வகுப்பு. 'அ' எழுதும்போது பென்சிலைப் பிடித்துத் திருப்பிவிட ஒரு கை அதற்குக் கிடைக்கவே இல்லை.

அந்தப் பள்ளத்தை எது நிரப்பியது என்பதற்கு ஓரளவு கணக்கு இருக்கிறது. பொருளாதார ஆய்வாளர்களான கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் மொரிசியோ ரொமேரோவும் தமிழ்நாட்டின் கிராமப்புறத்தில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் 24 சதவீதம் 'இல்லம் தேடிக் கல்வி'யால் வந்தது. 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் படிக்கப் பிள்ளைக்கு ஆப் வேண்டியதில்லை, லாகின் வேண்டியதில்லை. அதே தெருவில் இருக்கும், படித்த ஒரு அக்கா, அவர் வீட்டுத் திண்ணையோ கோயில் மண்டபமோ, இருபது பிள்ளைகள், சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு. அப்போது மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. ஜீப்பிலிருந்து இறங்கும் அம்மா, வீட்டுக்குப் போகிற வழியிலேயே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக முடிந்தது.

(தொடரும்)