எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றானால்…

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிற்சாலைகளில் உதிரிபாகங்களை அளந்து சரிபார்க்கும் இளைஞர்களுக்குத் தசமப்புள்ளி அன்றாடத் துணை. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்பது 1959-ஆம் ஆண்டின் உடன்படிக்கை வகுத்த துல்லிய அளவு. இதில் தசமம் ஓரிலக்கத்தோடு நின்றுவிடுகிறது. ஒரு மில்லிமீட்டரை அங்குலமாக்கினாலோ, 0.03937007… என முடிவின்றி நீள்கிறது. ஏன் இந்த வேறுபாடு?

தசமம் பத்தின் அடுக்குகளால் ஆனது. பத்தின் பகாக் காரணிகள் 2, 5 ஆகிய இரண்டே. சுருக்கிய பின்னத்தின் பகுதியில் இவையன்றி வேறு பகாக் காரணி இல்லையெனில் தசமம் முடிவுறும், இருப்பின் முடிவுறாது. ஒரு மில்லிமீட்டர் 5/127 அங்குலம். 127 பகா எண். எனினும், வகுத்தலில் எஞ்சும் மீதிகள் வகுக்கும் எண்ணினும் சிறியவையே. ஆகவே ஏதேனும் ஒரு மீதி திரும்ப வந்தே தீரும். இலக்கங்களும் அவ்வரிசையிலேயே சுழலும்.

வாரிசுரிமை பற்றித் திருக்குர்ஆன் கூறும் பின்னங்கள் ஆறு. 1/2, 1/4, 1/8 ஆகியன முடிவுறுவன. 2/3, 1/3, 1/6 ஆகியன முடிவுறாதன. இறந்தவருக்கு மனைவி, இரு புதல்வியர், தாய், தந்தை உளர் என்போம். 24 பாகங்களில் மனைவிக்கு 3, புதல்வியருக்கு 16, பெற்றோருக்குத் தலா 4, கூட்டினால் 27! எனவே மொத்தப் பாகங்களையே 27 ஆக உயர்த்துவர். இதுவே 'அவ்ல்'. அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றவாறே விடை பகர்ந்ததாக அறியப்படும் 'மின்பரிய்யா' மஸ்அலா இது. மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிறது, 0.125 என முடிந்தது 0.111… எனத் தொடர்கிறது.

நிலம் விற்ற தொகை 27 இலட்சம் ரூபாய் எனில், அவருக்குரியது 3 இலட்சம். பங்கிடுபவர் 0.11 எனச் சுருக்கிப் பெருக்கினால் 2,97,000 ரூபாயே வரும். ஒரு கைம்பெண்ணின் 3,000 ரூபாய் இரு இலக்கங்களுக்கு அப்பால் மறைந்துவிடுகிறது!

கி.பி. 952-53-இல் திமிஷ்கில் அல்-உக்லீதிஸீயும், 1427-இல் அல்-காஷீயும் தசமப் பின்னங்களை விளக்கி எழுதினர். அத்தகைய கணித மரபினூடேயும் ஃபராயிள் கலை முழுப் பாகங்களையே பேணி வந்தது. பட்டறையில் அனுமதிக்கப்பட்ட பிழையளவு உண்டு. உரிமையில் அது இல்லை. ஆகவே பாகங்களாகவே கணக்கிட்டு, இறுதியில் மட்டும் காசாக்குவோம்.