கண் கூசுதலும் கண் தெளிதலும்

கூசுதல் என்னும் வினையைத் தமிழ் கண்ணுக்கும் பல்லுக்கும் உடலுக்கும் நாணத்துக்கும் பொதுவாக வைத்திருக்கிறது. இவற்றில் எல்லாம் ஒடுங்கிப் பின்வாங்கும் பொருள் ஊடாடி நிற்கிறது. 'எனக்குக் கண் கூசுகிறது' என்னும்போது கண்ணே எழுவாய். நாமோ நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறோம். நம் விருப்பத்தைக் கேளாது நிகழும் செயலுக்கு இத்தொடரமைப்புப் பொருத்தமானதே.

கடும் ஒளி பட்டதும் முதலில் சுருங்குவது பாவை. (இலத்தீன் மொழியும் கண்ணின் இப்பகுதியைச் சிறு பொம்மை என்னும் பொருள்படும் சொல்லாலேயே குறித்தது.) இருளில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் வரை விரியும் பாவை, பேரொளியில் 2 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகும். பரப்பில் இது பதினாறில் ஒரு பங்கு. ஆனால் நண்பகல் ஒளிக்கும் விண்மீன் ஒளிக்கும் இடைப்பட்ட வேறுபாடோ பல மில்லியன் மடங்கு. எஞ்சிய பணி முழுவதும் விழித்திரையைச் சார்ந்தது.

விழித்திரையில் ஏறத்தாழ 120 மில்லியன் கோலுயிரணுக்களும் 6 மில்லியன் கூம்புயிரணுக்களும் உள்ளன. கோல்கள் மங்கிய ஒளிக்கு உரியவை. கூம்புகள் பகலுக்கும் நிறத்துக்கும் உரியவை. கோல்களில் உள்ள ரொடாப்சின் என்னும் நிறப்பொருள் ஒளிபட்டால் வெளிறிவிடும். தவளையின் விழித்திரையில் இவ்வெளிறலைச் செருமானிய அறிஞர் பிரான்சு பொல் 1876-இல் கண்டார். அந்நிறப்பொருளில் வைட்டமின் ஏ-யின் பங்கை விளக்கிய ஜார்ஜ் வால்டு, 1967-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அச்சத்துக் குறைந்தால் மாலைக்கண் தோன்றுவதன் காரணமும் இதுவே.

வெளிறிய நிறப்பொருள் மீண்டும் உருவாகும்வரை பார்வை முழுமையடையாது. கூம்புகள் பத்து நிமிடங்களுக்குள் பெரும்பாலும் மீள்கின்றன. கோல்களுக்கு அரை மணி நேரமும் அதற்கு மேலும் ஆகலாம். 'இருட்டு கண்ணுக்குப் பழகிவிட்டது' என்கிறோம். பழக்கத்துக்கு இங்கு வேலையில்லை, நடப்பது வேதிவினை. கலங்கிய நீர் தெளிவதுபோல் கண் 'தெளிகிறது' என்பதே நம் கருத்தில் செம்மையான வழக்கு.

எதிர்வரும் வாகனத்தின் விளக்கொளி இத்துணை நேரம் வாங்குவதில்லை. சில நொடிகளில் பார்வை திரும்பிவிடும். எனினும் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 3 நொடிகளில் 75 மீட்டர் கடந்துவிடுகிறது. அறுபதைக் கடந்த நம்மனோர்க்கு அந்நேரம் இன்னும் நீளும். கலங்கத் தொடங்கிய கண்வில்லை ஒளியைச் சிதறடித்து இடரை மிகுவிக்கும்.

கதிரவனை வெறுங்கண்ணால் நோக்குதல் இவற்றிலிருந்து வேறானது. அங்கு நிறப்பொருள் வெளிறுவதோடு நில்லாது. விழித்திரையே பழுதுறலாம், அப்பழுது நிலைத்தும் விடலாம். விழித்திரைக்கு வலியுணர்வு இல்லை. எனவே அக்கணத்தில் ஒன்றும் தெரியாது. 2019 டிசம்பர் 26-இல் சிங்கப்பூரில் தோன்றியது போன்ற வளையக் கிரகணத்தின்போது கதிரவனின் பெரும்பகுதி மறைந்திருப்பதால் கூச்சமும் குறைகிறது. மாணவர் 'கண் கூசவில்லையே' என்பார்; அவர் கூறுவது மெய்யாகவே இருக்கும். வளையமாய் எஞ்சிய விளிம்பு அப்போதும் விழித்திரையைச் சுட்டுக்கொண்டிருக்கும்.