ஹைட்ரஜன் பஸ்ஸும் காவேரி நாடும்

பெயர் ஒத்திருப்பதனால் பொருளும் ஒன்றாகிவிடாது. தஞ்சைத் தரணியில் ‘ஹைட்ரோகார்பன்’ என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் ஜனங்கள் சீற்றங்கொள்கிறார்கள். அதற்குத் தக்க காரணம் உண்டு. 2017-ம் வருஷத்தில் புதுக்கோட்டை ஜில்லா நெடுவாசலில் குடியானவர்கள் தங்கள் வயலுக்கு அடியிலிருந்து வாயு எடுப்பதை எதிர்த்து மாதக் கணக்கில் பந்தலில் அமர்ந்திருந்தார்கள். 2020-ல் சட்டசபை ஒரு சட்டம் இயற்றி, காவேரிப் பாசனப் பிரதேசத்தைப் பாதுகாக்கப்பட்ட விவசாய மண்டலமாக்கி, எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் அங்கே புதிதாகக் கிணறு தோண்டுவதைத் தடுத்தது. இப்பொழுது ‘ஹைட்ரஜன் பஸ்’ என்ற பேச்சு எழுகையில், இதுவும் அதற்குத் தம்பிதானோ என்று நம் நண்பர்கள் ஐயுறுவது இயல்பே. அந்த ஐயத்தில் பாதி தவறு, பாதி சரி. இரண்டையும் பிரித்துக் காட்டுவது நம் கடமையாகிறது.

முதலில் தவறான பாதி. ஹைட்ரஜன் பஸ்ஸில் எதுவும் எரிவதில்லை. பஸ்ஸின் மேலுள்ள உருளைகளில் அடைத்த ஹைட்ரஜனும், காற்றிலுள்ள பிராணவாயுவும் ஒரு மின்கலத்தில் கூடி மின்சாரத்தைத் தருகின்றன. வெளியேறுவது நீராவியே, புகையில்லை. வாயு நிரப்பும் நிலையத்தில் ஹைட்ரஜனை ஆகாய அழுத்தத்தைப் போல் 350 மடங்குக்கு மேல் அமுக்கி வைத்துக் குழாய் வழியே செலுத்துவார்கள். சில நிமிஷங்களில் பஸ் புறப்பட்டுவிடும்.

இது நமக்குப் புதிதுமன்று. திருநெல்வேலிச் சீமையில் மகேந்திரகிரியிலுள்ள இஸ்ரோ நிலையத்தில், டாடா மோட்டார்ஸாருடன் சேர்ந்து அமைத்த ஹைட்ரஜன் பஸ்ஸை 2013-ம் வருஷம் ஜூலை மாதத்திலேயே ஓட்டிக் காட்டினார்கள். ஆயினும் 2025 மார்ச்சில் மத்திய சர்க்கார் 208 கோடி ரூபாய் ஒதுக்கி, 37 வாகனங்களையும் ஒன்பது நிலையங்களையும் பத்துச் சாலைகளில் பரீட்சிக்க அனுமதித்தபோது, திருவனந்தபுரம்–கொச்சி சாலை அதில் இடம்பெற்றது. தமிழ்நாட்டுச் சாலை ஒன்றும் இடம்பெறவில்லை. இதை நம் பிரதிநிதிகள் கேட்டிருக்க வேண்டாமா?

இனிச் சரியான பாதி. ஹைட்ரஜன் பூமியில் தனியே வெட்டியெடுக்கும்படி ஏராளமாகக் கிடைக்கும் சரக்கன்று. வேறொன்றிலிருந்து பிரிக்க வேண்டும். இன்று உலகில் அதன் பெரும்பகுதி நிலத்தடி எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே பிரிக்கப்படுகிறது. அப்படிச் செய்த வாயுவைத் தஞ்சைக்குக் கொண்டுவந்து, ‘புகையற்ற பஸ்’ என்று கொடியசைத்தால், நெடுவாசலில் வெளியேற்றியதை வாயில் வழியே வரவேற்றதாகும். லடாக்கில் லே நகரிலோ என்.டி.பி.சி. சூரிய வெளிச்சத்தால் உண்டாகும் மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பிரித்து ஐந்து பஸ்களுக்கு வாயு தரும் நிலையம் அமைத்திருக்கிறது. பஸ் ஒன்றே, வாயுவின் பூர்வோத்தரம் வேறு.

தூரத்திலிருந்து வாயு வருவித்தவர்களின் கதையும் நமக்குப் பாடமாகும். கானடாவில் விஸ்லர் என்ற மலையூரில் 2010-ம் வருஷ ஒலிம்பிக் பந்தயத்துக்காக இருபது ஹைட்ரஜன் பஸ்கள் விட்டார்கள். வாயுவோ கண்டத்தின் மறுகோடியிலுள்ள க்விபெக் மாகாணத்திலிருந்து லாரியில் வந்தது. செலவு தாங்காமல் 2014-ல் அந்தப் பஸ்களை நிறுத்திவிட்டார்கள்.

நம் நாட்டில் மூலப்பொருள் களத்துமேட்டிலேயே கிடக்கிறது. உலர்ந்த தாவரப் பொருளைப் பிராணவாயுவும் நீராவியும் கூட்டிச் சூடேற்றி, ஒரு கிலோவிலிருந்து 100 கிராம் ஹைட்ரஜன் பெறும் முறையைப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 2022-ல் அறிவித்தார்கள். தஞ்சையிலிருந்து சென்னை செல்ல ஒரு பஸ்ஸுக்கு ஏறத்தாழ 30 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். இக்கணக்கின்படி 300 கிலோ தாவரப் பொருள். வைக்கோலில் சாம்பல் மிகுதியாதலால் அதே பலன் கிட்டுமா என்பதைப் பரீட்சித்தே அறிய வேண்டும். மாட்டின் வாயிலிருந்து வைக்கோலைப் பிடுங்கவும் நாம் சொல்லவில்லை. குறுவை அறுப்பில் மழையில் நனைந்து, தீவனத்துக்கும் உதவாமல் வயலிலேயே அழுகுவதை உலர்த்திப் பயன்படுத்தலாகாதா என்றே கேட்கிறோம்.

மற்றொன்றையும் மறைப்பதற்கில்லை. மின்சாரத்தால் நீரைப் பிரித்து, அமுக்கி, மீண்டும் மின்சாரமாக்கினால் சக்கரத்தை எட்டுவது சுமார் மூன்றில் ஒரு பங்கே. ஆகவே கும்பகோணத்துக்கும் தஞ்சைக்கும் இடையே ஓடும் பஸ்ஸுக்கு பாட்டரியே சிக்கனம். ஹைட்ரஜனுக்கு உரிய இடம், இரவு முழுவதும் ஓடி உடனே திரும்ப வேண்டிய தொலைதூர வண்டிகளே.

1972-ல் சோழன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டது முதல் பஸ் இந்நாட்டு ஏழைகளின் வாகனமாக இருந்து வருகிறது. அதற்கு நாளை எதை ஊற்றுவது என்பதை அதிகாரிகள் மட்டும் தீர்மானிக்க விடலாகாது. நிலையம் கட்ட வருகிறவர்களிடம் நம் ஊழியர்கள் மூன்றே கேள்விகள் கேட்கட்டும்: வாயு எதிலிருந்து பிரிக்கப்பட்டது? எவ்வளவு தூரம் வருகிறது? ஒரு மைலுக்குச் செலவு என்ன? நேர்மையான விடை வந்தால் வரவேற்போம். விடை வராவிடில், பந்தல் போட நமக்குத் தெரியாததன்று.