கொரோனாவுக்குப் பின் கோனா: 3 வருடம் காத்திருந்து திரும்பிய 'அயர்ன்மேன்' போட்டியின் கதை!

முதலில் கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல். கரையேறியதும் ஈரம் காய்வதற்குள் 180 கிலோமீட்டர் சைக்கிள். சைக்கிளை விட்டு இறங்கியதும் 42.2 கிலோமீட்டர் மாரத்தான். மூன்றையும் ஒரே நாளில், 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நடுவில் தூக்கம் கிடையாது. உட்கார்ந்து சாப்பிடவும் நேரம் இருக்காது.

நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், மெரினா கடலில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீந்திவிட்டு, ஈ.சி.ஆரில் புதுச்சேரியைத் தாண்டி கடலூர் வரை சைக்கிள் மிதித்து, அங்கிருந்து கிட்டத்தட்ட சிதம்பரம் வரை ஓடுவது. 'அயர்ன்மேன் டிரையத்லான்' என்பது இதுதான். இதன் உலக சாம்பியன்ஷிப் நடக்கும் இடம், அமெரிக்காவின் ஹவாய் தீவுகளில் உள்ள கைலுவா-கோனா என்ற சிறிய ஊர். மக்கள்தொகை சுமார் 20,000.

உலகத்தின் மிகக் கடினமான ஒருநாள் போட்டிகளில் ஒன்று என்று பெயரெடுத்த இந்தப் போட்டியையே கொரோனா 3 வருடம் நிறுத்தி வைத்தது. அது எப்படித் திரும்பி வந்தது, திரும்பியபோது யாரெல்லாம் ஜெயித்தார்கள், அந்தச் சின்ன ஊர் என்ன விலை கொடுத்தது என்று பார்ப்போம்.

15 பேரில் தொடங்கியது!

1978 பிப்ரவரி 18. ஹவாயின் ஓஹு தீவு. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் கொண்டுவந்த யோசனை இது. நீச்சல் வீரர், சைக்கிள் வீரர், ஓட்டப்பந்தய வீரர் ஆகியோரில் யாருக்கு உடல் வலு அதிகம் என்ற விவாதத்துக்கு முடிவு கட்ட, தீவில் ஏற்கெனவே தனித்தனியாக இருந்த மூன்று பந்தயங்களின் தூரத்தை ஒன்றாகச் சேர்த்தார்கள். கலந்துகொண்டவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர். முதலில் வந்த கார்டன் ஹாலர் எடுத்துக்கொண்ட நேரம் 11 மணி 46 நிமிடம் 58 விநாடி.

அந்த முதல் வருடம் ஒரு பெண்கூட இல்லை. அடுத்த வருடமே லின் லெமேர் என்ற பெண் வந்தார். ஆண்களோடு சேர்ந்து ஓடி, ஒட்டுமொத்தமாக 5-வது இடம் பிடித்தார். 1981-ல் போட்டி, ஹவாயின் 'பெரிய தீவு' என்று அழைக்கப்படும் தீவில் இருக்கும் கோனாவுக்கு இடம் மாறியது. இருபுறமும் கறுத்த எரிமலைப் பாறைகள், நிழலே இல்லாத நெடுஞ்சாலை, சைக்கிளையே தள்ளிவிடும் பக்கவாட்டுக் காற்று என அந்த ஊர் இந்தப் போட்டிக்கென்றே அமைந்ததுபோல இருந்தது.

நின்றுபோன மூன்று வருடங்கள்

2019 அக்டோபரில் கோனாவில் வழக்கம்போலப் போட்டி நடந்தது. 2020 மார்ச்சில் எல்லாம் மாறியது. ஹவாய்க்கு வருகிற எல்லோரும் 14 நாள் தனிமைப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று மாநில அரசு உத்தரவு போட்டது. தீவு என்பதால் அங்கே பயம் அதிகம். மருத்துவமனைப் படுக்கைகள் குறைவு. பக்கத்து ஊருக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோகலாம் என்றால் நடுவில் இருப்பது பசிபிக் கடல். வெளியிலிருந்து வந்த நோய்கள் 18, 19-ம் நூற்றாண்டுகளில் ஹவாய் பூர்வகுடிகளில் பெரும்பகுதியினரைப் பலிவாங்கிய வரலாறும் அந்த மண்ணுக்கு உண்டு.

2020 அக்டோபர் போட்டி, 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப்போய், பிறகு மொத்தமாக ரத்தானது. 2021 அக்டோபர் போட்டியும் தள்ளிப்போனது. கடைசியில் அந்தப் போட்டியை 2022 மே 7-ம் தேதி, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் ஊரில் நடத்தினார்கள். அயர்ன்மேன் உலக சாம்பியன்ஷிப் ஹவாயை விட்டு வெளியே போனது அதுதான் முதல்முறை. ஆண்களில் நார்வேயின் கிறிஸ்டியன் ப்ளூமென்ஃபெல்ட்டும், பெண்களில் சுவிட்சர்லாந்தின் டேனியலா ரிஃப்பும் ஜெயித்தார்கள்.

ஆனாலும் வீரர்களின் மனசு கோனாவில்தான் இருந்தது. இந்தப் போட்டிக்குப் பணம் கட்டியதும் யாரும் போய்விட முடியாது. வேறு இடங்களில் நடக்கும் அயர்ன்மேன் போட்டிகளில், அவரவர் வயதுப் பிரிவில் முன்னணியில் வந்து தகுதி பெற வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு, விடிகாலை 4 மணிக்கு எழுந்து பயிற்சி செய்யும் சாதாரண மனிதர்கள்தான் இதில் பெரும்பான்மை. 2019-லும் 2020-ன் தொடக்கத்திலும் தகுதி பெற்றவர்கள், கையில் டிக்கெட் இருந்தும் பஸ் வராத நிலையில் நின்றார்கள். இந்தப் போட்டியில் வயதுதான் கணக்கு. 60 வயதில் தகுதி பெற்றவருக்கு 3 வருடம் என்பது சாதாரண இடைவெளி இல்லையே!

2022 மார்ச் கடைசியில் ஹவாய் தன் பயணக் கட்டுப்பாடுகளை நீக்கியது. அமெரிக்காவிலேயே உள்ளரங்க மாஸ்க் கட்டாயத்தைக் கடைசியாக விலக்கிய மாநிலமும் ஹவாய்தான். கோனாவின் கதவு திறந்தது.

ஒரு நாள் போதவில்லை!

காத்திருந்தவர்கள் எல்லோரையும் ஒரே நாளில் கடலில் இறக்க முடியாது. அதனால், 2022 அக்டோபர் 6 வியாழக்கிழமையும் அக்டோபர் 8 சனிக்கிழமையும் என முதல்முறையாக இரண்டு நாள் போட்டி வைத்தார்கள். பெண் தொழில்முறை வீராங்கனைகளுக்கு வியாழக்கிழமை. ஆண் தொழில்முறை வீரர்களுக்குச் சனிக்கிழமை.

கூட்டத்தைச் சமாளிக்கச் செய்த ஏற்பாடு, பெண்களுக்கு வேறு விதத்தில் லாபமாக அமைந்தது. அதற்கு முன்பெல்லாம் ஆண்கள், பெண்கள் போட்டிகள் ஒரே நாளில் நடக்கும். கேமராக்கள் பெரும்பாலும் ஆண்களின் பின்னால் ஓடும். பெண்கள் போட்டியின் முக்கியமான திருப்பங்கள் பலமுறை நேரலையில் வராமலே போயிருக்கின்றன. அந்த வியாழக்கிழமை முழு நாளும் பெண்களின் போட்டிதான் திரையில்.

18 மாதக் குழந்தையின் அம்மா

எல்லோரும் எதிர்பார்த்தது இங்கிலாந்தின் லூசி சார்ல்ஸ்-பார்க்லேவை. 2017, 2018, 2019 என வரிசையாக 3 முறை கோனாவில் 2-ம் இடம் வந்தவர். 2022 தொடக்கத்தில் இடுப்பு எலும்பில் ஏற்பட்ட விரிசலிலிருந்து மீண்டு வந்திருந்தார்.

ஜெயித்தது செல்சி சொடாரோ. அமெரிக்காவைச் சேர்ந்த 33 வயதுக்காரர். கோனாவில் போட்டியிட்டது அதுதான் முதல்முறை. ஓட்டப்பந்தய வீராங்கனையாக இருந்து, ஒலிம்பிக் கனவு கைகூடாமல் டிரையத்லானுக்கு வந்தவர். கொரோனா காலத்தில், 2021 மார்ச்சில் பெண் குழந்தை பெற்றார். 8 மணி 33 நிமிடம் 46 விநாடியில் எல்லைக்கோட்டைத் தொட்டபோது, 2-ம் இடம் பிடித்த லூசி ஏறக்குறைய 8 நிமிடம் பின்தங்கியிருந்தார். கோனாவில் ஆண், பெண் இரு பிரிவிலும் சேர்த்து, ஓர் அமெரிக்கர் பட்டம் வென்று அப்போது 20 வருடங்கள் ஆகியிருந்தன.

எல்லைக்கோட்டில் அவர் மகளைத் தூக்கிக் கொஞ்சிய காட்சி உலகம் முழுக்கப் பரவியது. 'குழந்தை பெற்ற பிறகும் சாதிக்கலாம்' என்று எல்லோரும் பாராட்டினார்கள். செல்சி அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பிரசவத்துக்குப் பிறகு கடுமையான மனப்பதற்றத்தில் தவித்ததையும், அதற்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டதையும் பின்னர் வெளிப்படையாகப் பேசினார். உலக சாம்பியனுக்கே வரக்கூடிய பிரச்னை இது. நம் வீடுகளில் 'புள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். பிரசவத்துக்குப் பிறகு காரணமில்லாத பயம், தூக்கமின்மை, ஓயாத கவலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் பேசத்தான் வேண்டும்.

சாலையில் கிடைத்த தொப்பி

சனிக்கிழமை ஆண்கள் போட்டி. 23 வயது பிரான்ஸ் வீரர் சாம் லெயிட்லோ, சைக்கிள் பிரிவை 4 மணி 4 நிமிடம் 36 விநாடியில் முடித்து புது சாதனை படைத்தார். மாரத்தானிலும் கடைசி சில கிலோமீட்டர் வரை அவர்தான் முன்னிலை. பின்னாலிருந்து நெருங்கி வந்து முந்தினார் நார்வேயின் குஸ்தாவ் ஈடன். அவருக்கும் அது முதல் கோனா. 7 மணி 40 நிமிடம் 24 விநாடியில் முடித்து, 2019-ல் ஜெர்மனியின் யான் ஃபிரோடெனோ வைத்திருந்த சாதனையைப் 10 நிமிடத்துக்கும் மேல் முறியடித்தார்.

ஈடனுக்கு ஓர் அதிர்ஷ்டத் தொப்பி உண்டு. ஜப்பானில் பயிற்சிக்குப் போனபோது சாலையில் கிடந்து எடுத்தது. அதில் எழுதியிருந்த சீன எழுத்துகளின் அர்த்தம் அப்போது அவருக்குத் தெரியாது. 2019-ல் பிரான்ஸின் நீஸ் நகரில், பாதித் தூரத்துக்கான அயர்ன்மேன் உலக சாம்பியன்ஷிப்பை அந்தத் தொப்பியோடுதான் ஜெயித்தார். அதன் பிறகே, அது தைவானில் உள்ள ஒரு கோயிலின் பெயர் என்று தெரிந்தது. அந்தக் கோயிலின் பெயர் உலகம் முழுக்கப் பிரபலமாகிவிட்டது!

'தினமும் 1 சதவிகிதம்'

அந்த வருட கோனாவில் பலரும் பார்க்கக் காத்திருந்த இன்னொருவர், அமெரிக்காவின் கிறிஸ் நிகிச். டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவர். கொரோனா உச்சத்தில் இருந்த 2020 நவம்பரில், ஃபுளோரிடாவில் நடந்த அயர்ன்மேன் போட்டியில் கலந்துகொண்டார். சைக்கிளிலிருந்து விழுந்தார், எறும்புகள் கடித்துக் கால் வீங்கியது. ஆனாலும், 16 மணி 46 நிமிடத்தில் முடித்தார். கெடுவுக்கு மிச்சம் இருந்தது 14 நிமிடம்தான். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவர் அயர்ன்மேன் போட்டியை முடித்தது உலகத்திலேயே அதுதான் முதல்முறை. அவரின் பயிற்சி மந்திரம் எளிமையானது: தினமும் நேற்றைவிட 1 சதவிகிதம் முன்னேற வேண்டும். 2022-ல் கோனாவையும் அவர் பதினாறரை மணி நேரத்தில் முடித்தார்.

கோனாவின் வழக்கம் ஒன்று உண்டு. பகலில் ஜெயித்தவர்கள் குளித்து, சாப்பிட்டுவிட்டு இரவு மறுபடியும் எல்லைக்கோட்டுக்கு வருவார்கள். நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் தள்ளாடி வரும் கடைசி ஆட்களை கைத்தட்டி வரவேற்பார்கள். 2018-ல் 85 வயது ஜப்பான்காரர் ஹிரோமு இனாடா, கெடுவுக்கு 6 நிமிடம் இருக்கும்போது அப்படித்தான் வந்து சேர்ந்தார்.

ஊர் கொடுத்த விலை

கொண்டாட்டம் முடிந்ததும் ஒரு கேள்வி எழுந்தது. 5,000-க்கும் அதிகமான வீரர்கள், அவர்களின் குடும்பங்கள், இரண்டு நாள் போட்டி. கோனாவில் சைக்கிளும் ஓட்டமும் நடப்பது ஊரின் பிரதான நெடுஞ்சாலையில். சனிக்கிழமை அதை மூடினால் சமாளிக்கலாம். வேலைநாளான வியாழக்கிழமையும் மூடினால்? வேலைக்குப் போகிறவர்கள், கடைக்காரர்கள், மருத்துவமனைக்குப் போகிறவர்கள் எல்லோரும் திணறினார்கள். தண்ணீர் கொடுக்கவும் வழிகாட்டவும் ஆயிரக்கணக்கில் தன்னார்வலர்கள் வேண்டும். அதே ஆட்களால் ஒரே வாரத்தில் இரண்டு முறை வெயிலில் நிற்க முடியுமா?

இரண்டு நாள் போட்டியை ஊர் தாங்காது என்று முடிவானது. 2023-ல் பெண்கள் கோனாவிலும், ஆண்கள் நீஸ் நகரிலும் போட்டியிட்டார்கள். அடுத்தடுத்த வருடங்களில் ஊர்கள் மாறி மாறி வந்தன. பெண்களுக்கு மட்டுமேயான 2023 கோனாவில், 4 முறை 2-ம் இடம் பார்த்த லூசி, தொடக்கம் முதல் கடைசி வரை முன்னிலையில் இருந்து ஜெயித்தார். அதே வருடம் நீஸில், சாம் லெயிட்லோவும் பட்டம் வென்றார்.

ஆனாலும் 'கோனா இல்லாமல் என்ன உலக சாம்பியன்ஷிப்?' என்ற குரல் ஓயவில்லை. 2026 முதல் ஆண்களும் பெண்களும் மீண்டும் கோனாவில், ஒரே நாளில் என்று அறிவிக்கப்பட்டது. பழைய வழக்கம் திரும்புவதில் பலருக்குச் சந்தோஷம். பெண்களுக்குக் கிடைத்த தனி நாள் கைவிட்டுப் போகிறதே என்ற வருத்தமும் இருக்கிறது. இரண்டிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

நாமும் முயலலாமா?

இந்தியாவிலும் இதே கதை நடந்தது. முழு தூரத்தில் பாதியான 'அயர்ன்மேன் 70.3', 2019-ல் கோவா மிராமார் கடற்கரையில் அறிமுகமானது. கொரோனாவால் இரண்டு வருடம் நின்று, 2022 நவம்பரில் திரும்பி வந்தது. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம்.

அதுவும் அதிகம் என்று நினைப்பவர்களுக்கு, 'ஸ்பிரின்ட்' டிரையத்லான் இருக்கிறது. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். தொடங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியவை:

* 40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயப் பிரச்னை உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்த பிறகே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.
* நீச்சல் குளத்தில் நீந்துவது வேறு, கடலில் நீந்துவது வேறு. கடலில் தனியாகப் பயிற்சி செய்யவே கூடாது.
* நீண்ட நேரப் போட்டியில் தாகத்துக்கு மீறி வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் அளவு குறைந்து மயக்கம் வரலாம். உப்பும் சேர வேண்டும்.
* பயிற்சி நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகவே கூட்ட வேண்டும். வாரத்தில் ஒரு நாள் கட்டாயம் ஓய்வு.

சைக்கிள் வாங்குவது, டைம்டேபிள் போடுவது எல்லாம் பிறகு. நீச்சல் தெரியாதவர்கள் முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். போட்டிக்குப் போகாவிட்டாலும் உயிரைக் காப்பாற்றும் கலை அது!