இரவல் மெட்டு, சொந்தப் பாட்டு

ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் வேளை வந்ததும் மண்டபத்தின் பின் மூலையில் ஒரு கூட்டம் சேரும். அது நாங்கள்தான். குளிர்காலம் முழுவதும் அங்கே இரண்டு விஷயங்களைத்தான் அதிகம் கதைப்போம். ஒன்று, முந்தின இரவு ஃபுட்டியில் யார் வென்றது. மற்றது, யார் இந்த வாரம் எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். குரல் கொஞ்சம் உயர்ந்தால், "பிள்ளைகள் சண்டை பிடிக்கினமோ?" என்று அன்ரிமார் எட்டிப் பார்ப்பார்கள். சண்டை இல்லை, அன்ரி. கார்ல்டன்காரருக்கும் கொலிங்வூட்காரருக்கும் இடையில் எப்போதும் நடக்கிற கதைதான்.

ஆனாலும் அந்தக் கேள்வி எங்களை யோசிக்க வைத்தது. பிள்ளைகள் சனிக்கிழமை பின்னேரம் தொலைக்காட்சிக்கு முன்னால் எதைப் பார்த்துக் கத்துகிறார்கள் என்று விளங்காத பெற்றோர் எங்கள் சபையில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும் எங்களுக்காகவும் இந்த இதழில் அதையே எழுதுகிறோம்.

முதலில் ஆட்டம்

ஃபுட்டி என்று நாங்கள் சொல்வது ஊரில் நீங்கள் விளையாடிய உதைபந்தாட்டம் அல்ல. மைதானம் கிரிக்கெட் மைதானம் போல நீள்வட்டமானது. பந்தும் அப்படித்தான். ஒரு அணிக்கு 18 பேர். இரு முனைகளிலும் நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவில் உள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்தால் 6 புள்ளி. பக்கத்து இடைவெளியால் போனால் 1 புள்ளி. பந்தைக் கையால் எறியக்கூடாது. உதைக்கலாம், அல்லது ஒரு கையில் ஏந்தி மறுகை முட்டியால் குத்தி அனுப்பலாம்.

இந்த ஆட்டம் பிறந்த ஊர் மெல்பேர்ண். 1859 இல் இதன் முதல் விதிகளை இங்கேதான் எழுதினார்கள். 1897 இல் விக்டோரியாவின் கழகங்கள் சேர்ந்து தொடங்கிய லீக்தான் 1990 இல் ஏ.எஃப்.எல். என்று பெயர் மாறியது. இன்று அதில் 18 அணிகள் இருக்கின்றன. அவற்றில் 10 விக்டோரியா மாநிலத்தைச் சேர்ந்தவை.

இந்த நகரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வரும் பிள்ளையிடம் மற்றப் பிள்ளைகள் கேட்கும் முதற் கேள்விகளில் ஒன்று, "நீ எந்த அணி?" என்பது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் தம்பி ஒருவனிடம் நான்காம் வகுப்பில் இதைக் கேட்டபோது அவனிடம் பதில் இருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவனின் கழுத்துத் துணியைப் பார்த்து, "கறுப்பும் மஞ்சளும்" என்றான். அன்றிலிருந்து அவன் றிச்மண்ட். எங்களில் பலருக்கு அணி இப்படித்தான் வந்தது. இங்கே பிறந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத் தாத்தாவிடமிருந்து வருகிறது. எங்களுக்கு அயல்வீட்டாரிடமிருந்தோ, ஆசிரியரிடமிருந்தோ, குடியிருந்த முதல் புறநகரிடமிருந்தோ வந்தது. வந்தபின் யாரும் மாற்றுவதில்லை.

எல்லா அணிக்கும் ஒரு பாட்டு

ஒவ்வொரு கழகத்துக்கும் ஒரு பாட்டு உண்டு. ஆட்டம் முடிந்த உடனே வென்ற அணியின் பாட்டை மைதானத்தில் போடுவார்கள். தோற்றவர்கள் மெதுவாக எழுந்து ரயிலுக்கு நடப்பார்கள், வென்றவர்கள் நின்று பாடுவார்கள். பிறகு உடைமாற்றும் அறையில் வீரர்கள் தோளில் கைபோட்டு வட்டமாக நின்று அதே பாட்டைப் பாடுவார்கள். தன் முதல் வெற்றியைக் கண்ட புதிய வீரர் நடுவில் நிற்பார். பாட்டு முடியும்போது அவர் தலையில் குளிர்பானத்தை ஊற்றி நனைத்துவிடுவார்கள்.

இதை ஒருநாள் மாமா ஒருவருக்குச் சொல்லி, கைபேசியில் சில பாட்டுக்களைப் போட்டுக் காட்டினோம். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் வாசித்தவர் அவர். இரண்டு பாட்டுக் கேட்டதும் சிரித்தார்.

"என்ன தம்பி, இது பிரெஞ்சுக்காரரின்ர தேசிய கீதமெல்லோ? உங்கட ஆக்களுக்குச் சொந்தமா ஒரு மெட்டுக்கூட இல்லையோ?"

மாமா சொன்னது சரி. பிரிஸ்பேன் லயன்ஸின் பாட்டு 1792 இல் பிறந்த பிரெஞ்சு தேசிய கீதத்தின் மெட்டில் அமைந்தது. மெல்பேர்ணின் பழைய ஃபிட்ஸ்ரோய் கழகம் 1996 இல் பிரிஸ்பேனுடன் இணைந்தபோது அந்த மெட்டும் கூடவே போனது. ஜீலோங்கின் பாட்டு பிசேயின் 'கார்மென்' என்ற 1875 ஆம் ஆண்டு ஓபராவில் காளைச்சண்டை வீரன் பாடும் மெட்டு. கொலிங்வூட்டின் சொற்களை 1906 இல் அந்த அணியின் வீரர் ஒருவரே எழுதினார், ஆனால் மெட்டு போவர் யுத்த காலத்தில் பிரபலமான ஒரு பிரியாவிடைப் பாட்டினுடையது. றிச்மண்டின் மெட்டு 1912 இல் நியூயோர்க் மேடையில் பாடப்பட்டது. சிட்னி ஸ்வான்ஸ் அமெரிக்காவின் நோட்ரடாம் பல்கலைக்கழகத்தின் மெட்டை எடுத்துக்கொண்டது. செயின்ட் கில்டாவோ கறுப்பின அமெரிக்க மக்கள் பாடிய ஆன்மீகப் பாடலையே தன் பாட்டாக்கிக்கொண்டது.

மாமாவுக்கு உடனே பதில் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் அக்கா ஒருவர்தான் கேட்டார்: "மாமா, காலையில நாங்கள் பாடின பாமாலையின்ர மெட்டு எங்கயிருந்து வந்தது?"

மாமா தேநீரைக் கீழே வைத்தார். ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் பிறந்த மெட்டுக்களுக்குத் தமிழ்ச் சொற்களை வைத்துத்தானே பாமாலைகளைப் பாடுகிறோம்? அதே ஆராதனையில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்கள் நம் இராகங்களில் எழுதிய கீர்த்தனைகளும் வருகின்றன. இரண்டில் எது எங்களுடையது என்று கேட்டால், இரண்டும் என்றுதான் எந்தப் பாட்டியும் சொல்வார். மெட்டு எங்கே பிறந்தது என்பதை விட, எத்தனை வருடமாக யார் யார் சேர்ந்து பாடினார்கள் என்பதில்தான் ஒரு பாட்டு சொந்தமாகிறது.

கைபேசியில் உள்ள பாட்டுக்கள்

கழகப் பாட்டு மட்டும் அல்ல, ஃபுட்டியோடு சேர்ந்த வேறு பாட்டுக்களும் உண்டு. மைக் பிரேடி 1979 இல் எழுதிய பாட்டு ரோய் கசாலி என்ற பழைய வீரரின் பெயரைச் சுமக்கிறது. பந்துக்காக உயரப் பாய்வதில் பேர்பெற்ற அவரைப் பார்த்துச் சக வீரர்கள் கத்திய வார்த்தைகளே அதன் தலைப்பு. போர்ட் அடிலேட் ரசிகர்கள் 2014 முதல் ஆட்டம் தொடங்குமுன் கழுத்துத் துணிகளை உயர்த்திப் பிடித்து இன்எக்ஸ்எஸ் குழுவின் ஒரு பாட்டைப் பாடுகிறார்கள். 2017 இறுதியாட்டத்தில் 37 வருடங்களுக்குப் பிறகு றிச்மண்ட் வென்றபோது, அன்று பாட வந்திருந்த த கில்லர்ஸ் குழுவோடு றிச்மண்ட் வீரர் ஜாக் ரீவோல்ட் மேடையில் ஏறிப் பாடினார். எங்கள் றிச்மண்ட் தம்பிக்கு அந்தக் காட்சி இன்னமும் மனப்பாடம்.

மைதானத்துக்குப் போகும் ரயிலில் எங்கள் காதுகளில் எல்லாம் கலந்துதான் ஓடும். ஒருவன் ரகுமான், ஒருத்தி அனிருத், இன்னொருவன் போல் கெலி. ஜோலிமொன்ட் நிலையத்தில் இறங்கும்போது எல்லோரும் காதிலிருப்பதைக் கழற்றிவிடுவோம். ஒரு லட்சம் பேர் இருக்கக்கூடிய மைதானத்தின் இரைச்சல் அங்கேயே கேட்கத் தொடங்கும்.

அதே தொண்டை

இனி எழுதுவது எங்களுக்கு அவ்வளவு பெருமை தராதது.

போன பருவத்தில் ஒருநாள் நாங்கள் எட்டுப் பேர் ஆட்டம் பார்க்கப் போனோம். தமிழில் கதைத்துக்கொண்டு இருந்தோம். பின் வரிசையிலிருந்த ஒருவர் எங்கள் மொழியைக் கேலியாக உச்சரித்துக் காட்டினார். அவருடைய நண்பர்கள் சிரித்தார்கள். நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. குரலைக் குறைத்தோம், பிறகு ஆங்கிலத்துக்கு மாறினோம்.

மூன்றாம் கால் பகுதியில் எதிரணியின் பூர்வகுடி வீரர் ஒருவர் பந்தைத் தொடும்போதெல்லாம் சனம் ஊளையிடத் தொடங்கியது. எங்களைக் கேலி செய்தவரும் ஊளையிட்டார். நாங்களும் சேர்ந்துகொண்டோம். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. எல்லோரும் செய்தார்கள், செய்தோம். சேர்ந்து சத்தமிட்டபோது அவர்களில் ஒருவராகிவிட்டதுபோல இருந்தது என்பதும் உண்மை.

திரும்பும் ரயிலில் எங்களுடன் வந்த பத்து வயதுத் தங்கச்சி கேட்டாள்: "அந்த அண்ணா என்ன பிழை செய்தவர்?"

ஒருவரிடமும் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து தேடி வாசித்தோம். 1993 இல் விக்டோரியா பார்க் மைதானத்தில் செயின்ட் கில்டாவின் நிக்கி வின்மார், நிறத்தைச் சொல்லித் தன்னை இழிவுபடுத்திய ரசிகர்களுக்கு முன்னால் சட்டையைத் தூக்கித் தன் தோலைச் சுட்டிக்காட்டினார். அன்று அவருடைய அணி வென்றிருந்தது. சிட்னியின் அடம் குட்ஸ் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை இரண்டு தடவை வென்றவர், 2014 இல் அவுஸ்திரேலியாவின் ஆண்டின் சிறந்த மனிதர். மைதானம் மைதானமாகச் சனம் அவரைப் பார்த்து ஊளையிட்டது. 2015 இல் அவர் விளையாட்டை விட்டார். 2019 இல் ஏ.எஃப்.எல்லும் 18 கழகங்களும் அவரிடம் மன்னிப்புக் கேட்டன. ஊளையிட்டவர்களில் பலர், தாங்கள் இனத்தைப் பார்க்கவில்லை, எல்லோரும் செய்ததால் செய்தோம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். நாங்களும் அதையேதான் சொல்லியிருப்போம்.

நாவைப் பற்றி யாக்கோபு எழுதியதை ஓய்வுநாள் பாடசாலையில் ஒப்புவித்துப் பரிசு வாங்கியவர்கள் நாங்கள். சேர்ந்து பாடும்போது கிடைக்கிற அதே இனிப்பு சேர்ந்து ஊளையிடும்போதும் கிடைக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்தத் தங்கச்சிதான் சொல்லித்தந்தாள்.

எங்களுக்குள் இரண்டு காரியங்களைத் தீர்மானித்திருக்கிறோம். எந்த வீரரையும் பார்த்து ஊளையிடுவதில்லை. எங்கள் மொழியை யார் கேலி செய்தாலும் குரலைக் குறைப்பதில்லை. இரண்டாவது முதலாவதை விடக் கஷ்டம். முயற்சி செய்கிறோம்.

மாமா வந்த நாள்

பிறகு ஒரு சனிக்கிழமை மாமாவை வற்புறுத்திக் கூட்டிப்போனோம். தலையில் கம்பளித் தொப்பி, கையில் போத்தல் தேநீர், பையில் ரோல்ஸ். எங்கள் அக்கா செயின்ட் கில்டா ரசிகை. அந்தக் கழகம் இறுதிக் கிண்ணத்தை ஒரே ஒரு தடவைதான் வென்றது, 1966 இல், அதுவும் ஒரே ஒரு புள்ளியால். 2010 இல் இறுதியாட்டம் சமநிலையில் முடிந்து, அடுத்த கிழமை மீண்டும் ஆடித் தோற்றார்கள். "இப்பிடித் தோக்கிற அணியை ஏன் பிள்ளை பிடிச்சுக்கொண்டிருக்கிறாய்?" என்று மாமா கேட்டார். "விட்டுட்டு எங்க போறது மாமா?" என்றார் அக்கா. ஊரை விட்டு வந்த மாமா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

அன்று செயின்ட் கில்டா வென்றது. பாட்டைப் போட்டார்கள். முதல் வரியிலேயே மாமா எழுந்து நின்றார். பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் ட்ரம்பெட்டில் அவர் வாசித்த அதே மெட்டு. சொற்கள் தெரியாத இடத்தில் விரல்களைக் காற்றில் அழுத்திக்கொண்டு வாயால் ட்ரம்பெட் வாசித்தார். முன் வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் திரும்பிப் பார்த்து, தன் சிவப்பு வெள்ளை கறுப்புத் துணியின் ஒரு நுனியை மாமாவிடம் நீட்டினார். இருவரும் பாட்டு முடியும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை எந்த அணி என்று இன்று கேட்டுப் பாருங்கள். அந்த அணியின் பாட்டைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மெட்டு உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கலாம். பதிலுக்கு உங்களுக்குப் பிடித்த ஒரு கீர்த்தனையை, இராகத்தோடு, எங்களுக்குச் சொல்லித்தாருங்கள். மாமா முதலாவதைத் தொடங்கிவிட்டார். தேநீர் வேளையில், பின் மூலையில்.