பத்து நிமிடத்தில் மறையும் பக்கவாதம்

விடியுமுன் ஜீப் பிடித்து குமுளி மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவருக்கு, வேலைக்கு நடுவே வலது கை மரத்துப்போகலாம், பேச்சு குழறலாம். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டால், ‘பசி மயக்கம்’ என்று வேலையைத் தொடர்வார். கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் அப்படித் தட்டிக்கழிக்கவே கூடாது. மினி ஸ்ட்ரோக் எனப்படும் இது வந்தவருக்கு அடுத்த சில நாட்களில், குறிப்பாக முதல் 48 மணி நேரத்தில், முழுப் பக்கவாதம் தாக்கும் ஆபத்து மிக அதிகம்.

கழுத்தில் அடைப்பு

மினி ஸ்ட்ரோக்கின் முக்கியக் காரணங்களில் ஒன்று, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனியில் படியும் கொழுப்பு. டாப்ளர் ஸ்கேனில் தெரிந்துவிடும். அறிகுறியும் வந்து, அடைப்பும் 70 சதவீதத்தைத் தாண்டினால் இரண்டு வாரத்துக்குள் சரிசெய்வது நல்லது. அதற்கு ஆபரேஷன் ஒரு வழி, தமனியை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் இன்னொரு வழி.

ஸ்டென்ட் வைக்கும்போது பெரும்பாலும் நோயாளி விழித்திருப்பார். அமுக்கினால் கீச்சிடும் ரப்பர் பொம்மையைக் கையில் கொடுத்து அவ்வப்போது அமுக்கச் சொல்வதுண்டு. சத்தம் வந்தால் மூளைக்கு ரத்தம் போகிறது என்று டாக்டருக்குத் தெம்பு. தொடை வழியே நுழையும் கம்பி, அடைப்பைத் தாண்டிச் சென்று குடைபோல விரியும் வடிகட்டியை வைக்கும். உதிரும் துகள்கள் அதில் சிக்கும். அடைப்பை அகலப்படுத்தும் பலூன் விரியும்போது நாடித்துடிப்பு சட்டென இறங்கலாம். அதற்கான ஊசியும் தயாராக இருக்கும்.

2,502 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ‘கிரெஸ்ட்’ ஆய்வில் இரண்டு வழிக்கும் மொத்தப் பலன் ஏறக்குறைய ஒன்றே. ஸ்டென்டில் பக்கவாதமும் ஆபரேஷனில் மாரடைப்பும் சற்றே கூடுதல். 70 வயதைக் கடந்தவர்களுக்கு ஆபரேஷனே சாதகம்.

மண்டைக்குள் அடைப்பு

ஆசியர்களுக்கு மண்டைக்குள் இருக்கும் தமனிகளிலும் அடைப்பு அதிகம். அடைப்பு என்றால் ஸ்டென்ட் என்ற இதயத்துக்கான கணக்கு இங்கே செல்லாது. அமெரிக்காவில் 451 பேரிடம் நடந்த ‘சாம்பிரிஸ்’ ஆய்வில், 30 நாளுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தவர்கள் ஸ்டென்ட் வைத்தவர்களில் 14.7 சதவீதம்; மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5.8 சதவீதம். 2011இல் நோயாளிகளைச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். பலூனை மட்டும் நிதானமாக விரிக்கும் முறை, 2024இல் வெளியான சீன ஆய்வில் நல்ல பலன் தந்தது. என்றாலும் இன்று முதல் சிகிச்சை மருந்துதான்: ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் 90 நாள் வரை, கூடவே கொழுப்பு மாத்திரை, பிரஷர் கட்டுப்பாடு, பீடி சிகரெட்டுக்கு முற்றுப்புள்ளி. பிரஷர், சுகர் மாத்திரைகளை 2021 முதல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஸ்டென்ட் வைத்தவரும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக்கூடாது.

வாய் கோணினால், கை கால் விழுந்தால் 108ஐ அழையுங்கள். தேனிக்கு அப்பால் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மேல்சிகிச்சைக்கு மதுரை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. ஆகவே அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.